மாளிகைக்கு வந்த மடல்கள்

(படிப்பக விழாவொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தலைவர்கள் மக்களுக்கு எழுதிய மடல்களை நாம் ஏராளமாகப் படித்திருக்கிறோம். வரி பிசகாமல் ஒப்பிக்கும் தோழர்களும் இந்த அவையிலே இருக்கிறீர்கள். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அதன் மறுபக்கம்: மக்கள் தலைவர்களுக்கு எழுதிய மடல்கள். அதிலும், அமெரிக்கக் குடியரசு பிறந்து, தவழ்ந்து, எழுந்து நின்ற அந்த முதல் ஐம்பது ஆண்டுகளில், உழவரும் மாலுமியும், அச்சகம் நடத்திய மாதும், அடிமைத் தளையிலே கிடந்தவரும் வாஷிங்டனுக்கும் ஜெபர்சனுக்கும் எழுதிய மடல்கள்.

கடல் கடந்த நாட்டின் பழங்கடிதம் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். மன்னன் வேண்டாம், மக்களே போதும் என்று உலகறிய முழங்கிய நாடு அது. முழக்கம் மெய்யா, வெற்று ஓசையா என்று அறிய மேடையைப் பார்த்துப் பயனில்லை. தபாலைப் பார்க்க வேண்டும். யார் எழுதினார், என்ன கேட்டார், என்ன பதில் கிடைத்தது — இந்த மூன்றையும் பார்த்தால் ஆட்சியின் உள்ளம் தெரிந்துவிடும்.

முதலில் ஒன்றை நினைவிற் கொள்ளுங்கள். அந்தத் தலைவர்களே ஒரு காலத்தில் விண்ணப்பம் எழுதியவர்கள்தாம். 1775 ஜூலையில், போர் தொடங்கிவிட்ட பிறகும், குடியேற்ற நாடுகளின் பேரவை இங்கிலாந்து மன்னர் மூன்றாம் ஜார்ஜுக்கு ஒரு மனு அனுப்பிற்று. ஒலிவக் கிளை விண்ணப்பம் என்று வரலாறு அதற்குப் பெயரிட்டிருக்கிறது. பிராங்க்ளின் கையெழுத்திட்டார், ஜெபர்சனும் கையெழுத்திட்டார். பணிந்து எழுதினர், பரிந்து எழுதினர். மன்னர் என்ன செய்தார்? ஏற்றுக்கொள்ளவே மறுத்துவிட்டார்! 1775 ஆகஸ்டு 23-இல் அவர்களைக் கலகக்காரர்கள் என்று பறைசாற்றினார். மறு ஆண்டு எழுந்த விடுதலைப் பிரகடனத்திலே, மன்னர்மீது சாட்டப்பட்ட குற்றங்களின் கடைசியில், ‘நாங்கள் மனுக் கொடுத்தோம், மறுமொழியாகக் கிடைத்தது மேலும் மேலும் தீங்கு’ என்னும் பொருளில் ஒரு குமுறல் இருக்கிறது. அந்தக் குமுறலை எழுதிய கை ஜெபர்சனுடைய கை. கால் நூற்றாண்டு கழித்து அதே கைக்கு மனுக்கள் வந்து சேரும் காலம் வந்தது. மன்னர் செய்ததை இவர் செய்வாரா? அதுதான் கேள்வி.

மடல்கள் வந்து குவிவதற்கு வழியும் அமைந்திருந்தது. 1790-இல் அந்நாடு முழுவதிலும் இருந்த அஞ்சல் நிலையங்கள் 75. 1800-இல் 903! அஞ்சல் தலை ஒட்டும் வழக்கம் அப்போது இல்லை. மடலைப் பெறுகிறவரே பெரும்பாலும் கட்டணம் செலுத்துவார். 1792-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒற்றைத் தாள் மடல் 30 மைலுக்குள் சென்றால் 6 சென்ட். 450 மைலுக்கு அப்பால் சென்றால் 25 சென்ட். ஏழைக்கு இது பெருந்தொகை. ஆனால், குடியரசுத் தலைவருக்குச் செல்லும் மடலுக்கும் அவர் அனுப்பும் மடலுக்கும் கட்டணம் கிடையாது. தொலைவில் வாழும் தாய்க்கு எழுதக் காசு கணக்குப் பார்க்க வேண்டியவன், நாட்டுத் தலைவருக்குக் காசின்றி எழுதலாம். எழுதினான். எழுத்துப் பிழையோடு எழுதினான், ஏடு ஏடாக எழுதினான்.

ஜெபர்சன் 1783 முதல் 1826-இல் மறையும் வரையில், வந்த மடல், அனுப்பிய மடல் அனைத்துக்கும் ஒரு பதிவேடு வைத்திருந்தார். 1804 முதல் இரட்டைப் பேனாக் கருவி ஒன்றையும் பயன்படுத்தினார்; ஒரு பேனாவை அசைத்தால் மற்றொன்று பக்கத்துத் தாளிலே படியெடுக்கும். பதவியை விட்டு இறங்கிப் பதினோராண்டு கழிந்த 1820-இல் மட்டும் அவருக்கு வந்த மடல்கள் 1,267. அவரே எண்ணிப் பார்த்து, 1822-இல் ஜான் ஆடம்சுக்கு எழுதினார். செக்கைச் சுற்றிவரும் விலங்கின் வாழ்வாகிவிட்டது தம் வாழ்வு என்று அலுத்துக்கொண்டார். அலுத்துக்கொண்டாரே தவிர, எல்லாவற்றுக்கும் உரிய கவனத்தோடு பதில் எழுதியாக வேண்டும் என்றும் அதே மடலில் சொல்கிறார். அந்த அலுப்பை நான் மதிக்கிறேன். படிக்காமலே கிழித்துப் போடுகிறவனுக்கு அலுப்பு வருவதில்லை.

வந்த மடல்களிலே பெரும்பகுதி வேலை கேட்டு வந்தவை. அதைப்பற்றி விரிக்க வேண்டியதில்லை. எந்த நாட்டில், எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் முதல் வாரத்திலே வருகிற தபால்தான் அது!

மிரட்டலும் வந்தது. பிரிட்டனும் பிரான்சும் போரிட்டுக்கொண்டு அமெரிக்கக் கப்பல்களை மறித்தன. அதற்கு எதிர் நடவடிக்கையாக, 1807 டிசம்பரில் ஜெபர்சன் கப்பல் தடைச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அயல்நாட்டு வாணிகத்துக்கு ஒரு கப்பலும் துறைமுகத்தை விட்டுப் புறப்படக் கூடாது! நோக்கம் போரைத் தவிர்ப்பது. விளைவு, துறைமுக நகரங்களின் பட்டினி. பாய்மரம் அவிழ்க்கப்பட்டுக் கப்பல் நின்றது. மாலுமி கரையிலே நின்றான். அவன் வீட்டு அடுப்பும் நின்றது. பாஸ்டன் நகரிலிருந்து 1808-இல் வந்த ஒரு மடல், தடையை அக்டோபர் 10-க்குள் நீக்காவிட்டால் உம்மைச் சுட்டுவிட நான்கு நண்பர்களுக்கு 400 டாலர் தருவதாகப் பேசியிருக்கிறேன் என்கிறது. பட்டினி கிடக்கிறவனிடம் நானூறு டாலர் ஏது? முழங்காலிட்டு உழைத்தாவது கொடுப்பேன் என்கிறான்! சிரிப்பு வருகிறது, மறுகணம் நெஞ்சு கனக்கிறது. மன்னனுக்கு அப்படி எழுதியிருந்தால் தலை போயிருக்கும். இங்கே மடல் கோப்பிலே சேர்ந்தது. தடை 1809 மார்ச்சில், ஜெபர்சன் பதவி விலகுவதற்கு மூன்று நாட்களுக்கு முன்பு, அவர் கையெழுத்தாலேயே நீக்கப்பட்டது.

இனி, பதில் பெற்ற மடல்களுக்கு வருகிறேன். தலைவர்கள் சொன்னதாக உலகம் புகழ்கிற சொற்களிலே சில, தலைவர்கள் கண்டெடுத்த சொற்கள் அல்ல. குடிமக்கள் எழுதிக் கொடுத்தவை!

1790 ஆகஸ்டில் வாஷிங்டன் ரோட் ஐலண்டு மாநிலத்து நியூபோர்ட் நகருக்கு வந்தார். அங்கே சிறிய யூத சமூகம் ஒன்று வாழ்ந்தது. ஐரோப்பாவிலே நாட்டுக்கு நாடு விரட்டப்பட்ட இனத்தின் ஒரு கிளை. அவர்களுடைய வழிபாட்டுச் சபையின் பொறுப்பாளர் மோசஸ் சைக்சாஸ் என்னும் வணிகர், ஆகஸ்டு 17 என்று நாளிட்டு ஒரு வரவேற்பு மடல் தந்தார். குடிமக்களின் உரிமை இதுகாறும் மறுக்கப்பட்ட நாங்கள், மதவெறிக்கு ஒப்புதல் தராத, கொடுமைக்குத் துணைபோகாத ஓர் அரசைக் காண்கிறோம் என்று எழுதினார். கண்டதை எழுதினாரா, காண விரும்பியதை எழுதினாரா? சட்டத்தின் பலம் அப்போது அவர்களுக்கு இல்லை. சமய உரிமைக்குக் காப்பளிக்கும் அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் 1791 டிசம்பரில்தான் நிறைவேறிற்று. அதாவது, இன்னும் வழங்கப்படாத உறுதியை வழங்கப்பட்டுவிட்டதாகவே எழுதித் தலைவர் கையில் கொடுத்துவிட்டார்! மறுக்க முடியுமா? வாஷிங்டன் மறுக்கவில்லை. மறுமொழியிலே அதே சொற்களைத் தம் சொற்களாக்கித் திருப்பித் தந்தார். ஒரு படி மேலேயும் சென்றார்: ஒரு பிரிவினர் இன்னொரு பிரிவினரைப் பொறுத்துக்கொள்கிறார்கள் என்ற பேச்சுக்கே இனி இடமில்லை, அது அவரவர் இயற்கை உரிமை என்றார். ‘மதவெறிக்கு ஒப்புதல் இல்லை, கொடுமைக்குத் துணை இல்லை’ என்பதை வாஷிங்டன் வாக்காகவே உலகம் மேற்கோள் காட்டுகிறது. எழுதிக் கொடுத்தவர் பெயரை இன்று எத்தனை பேர் சொல்வார்கள்?

அடுத்தது டான்பரி. கனெக்டிகட் மாநிலத்திலே ஒரு திருச்சபைக்கு அரசின் ஆதரவு, அதற்கென வரி. பாப்டிஸ்டு பிரிவினர் வரியிலிருந்து விலக்குப் பெற வேண்டுமானால், நாங்கள் வேறு பிரிவு என்று சான்றிதழ் கொடுத்துக் காத்திருக்க வேண்டும். டான்பரி வட்டாரத்து பாப்டிஸ்டுகள் 1801 அக்டோபரில் ஜெபர்சனுக்கு எழுதினார்கள். அவர்கள் சொன்னதன் சாரம் இது: எங்கள் சமய வாழ்வு எங்களுக்குத் தரப்பட்ட சலுகையாக இருக்கிறது, பறிக்க முடியாத உரிமையாக இல்லை.

சலுகை வேறு, உரிமை வேறு! கல்லூரிப் பேராசிரியர் நூல் எழுதி விளக்க வேண்டிய வேறுபாட்டை, வரி கட்டி நொந்த எளிய மக்கள் ஒரே வரியிலே சொல்லிவிட்டார்கள். ஜெபர்சன் அந்த மடலுக்குப் போகிற போக்கில் பதில் எழுதவில்லை. வரைவு எழுதி, தம் ஆட்சியிலிருந்த வடபுலத்தார் இருவரிடம் காட்டி, வெட்டித் திருத்தி, 1802 ஜனவரி 1-இல் கையெழுத்திட்டார். அரசுக்கும் சமயத்துக்கும் இடையே பிரிவினைச் சுவர் எழுப்பப்பட்டிருக்கிறது என்னும் புகழ்பெற்ற சொல் அந்தப் பதிலிலே இருக்கிறது. அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1879-இலும் 1947-இலும் தீர்ப்புரையில் எடுத்தாண்ட சொல் அது. டான்பரி மக்களுக்கோ உடனே ஒன்றும் கிடைத்துவிடவில்லை. அவர்கள் மாநிலம் அந்தத் திருச்சபை ஆதரவைக் கைவிட்டது 1818-இல்தான்.

அதே 1802 ஜனவரி முதல் நாள், ஜெபர்சன் மாளிகை வாயிலில் இன்னொரு மடல் வந்து நின்றது. நின்றது என்று ஏன் சொல்கிறேன் என்றால், அந்த மடலோடு வந்த பொருளின் எடை 1,235 பவுண்டு. ஏறத்தாழ 560 கிலோ! மாசசூசெட்ஸ் மாநிலத்துச் செஷயர் என்னும் சிற்றூரின் உழவர்கள், ஊர்ப் பசுக்களின் பாலையெல்லாம் திரட்டி, பழச்சாறு பிழியும் பெரும்பொறியிலே அழுத்தி, ஒரே கட்டியாகப் பாலாடைக்கட்டி செய்து, தங்கள் பாதிரியார் ஜான் லேலண்டு வழியாக அனுப்பியிருந்தார்கள். எதிர்க்கட்சிக்காரர் வீட்டுப் பசுவின் பால் ஒரு சொட்டும் சேரவில்லையாம்! கட்சிப்பற்று மாட்டுத் தொழுவம்வரை சென்றிருக்கிறது. பதவியிலிருக்கும்போது அன்பளிப்பு வாங்குவதில்லை என்பது ஜெபர்சனின் கொள்கை. ஆகவே 200 டாலர் கொடுத்தார்.

கட்டியைவிடக் கனமானது அதனோடு வந்த மடல். இது உரிமையோடு பிறந்த உழவர்கள், தம் மனைவியரும் மக்களும் மகிழ்ந்து துணைநிற்க, உழைத்துச் செய்தது. ஓர் அடிமையின் உழைப்பும் இதிலே கலக்கவில்லை — இப்படி எழுதியிருந்தார்கள். பெற்றுக்கொண்டவர் யார்? தம் வாழ்நாளில் அறுநூறுக்கு மேற்பட்ட மனிதர்களை அடிமைகளாக உடைமை கொண்டிருந்தவர். புகழ்மாலையிலே ஒரு முள்ளைச் செருகி அனுப்பினார்களா, அல்லது கள்ளமின்றி எழுதினார்களா, நான் தீர்ப்புச் சொல்ல முற்படவில்லை. ஆனால் முள் இருந்தது. நன்றி சொல்லிப் பதில் சென்றது. முள்ளைப்பற்றி அதிலே பேச்சில்லை.

இங்கேதான் தோழர்களே, தபால் நமக்குக் கதை சொல்லத் தொடங்குகிறது. சமயத்தைப்பற்றி எழுதியவர்களுக்குச் சுவரும் கிடைத்தது, சொல்லும் கிடைத்தது. பெண் எழுதினால்? கறுப்பர் எழுதினால்?

மேரி காதரின் கோடார்டு என்னும் மாதரசி பால்டிமோர் நகரில் அச்சகம் நடத்தியவர். விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்டோர் பெயர்களோடு முதன்முதலாக அதை அச்சிட்டு வெளியிட்டவர் அவர், 1777 ஜனவரி. போர் நடக்கிறது, தோற்றால் கையெழுத்திட்டவர்களுக்குத் தூக்குமேடை, அச்சிட்டவருக்கு மட்டும் என்ன மாலையா கிடைத்திருக்கும்? தம் பெயரையும் அடியிலே பொறித்தே வெளியிட்டார். 1775 முதல் அந்நகரின் அஞ்சல் நிலையத் தலைவரும் அவரே. அரசுப் பணம் வராத நாட்களில் தபாற் குதிரைக்காரர்களுக்குக் கைப்பணத்தைக் கொடுத்தவர். 1789-இல் அவரை நீக்கினார்கள். அந்தப் பதவிக்கு இனி அலைச்சல் மிகுதி. பெண்ணால் ஆகாது என்று காரணம் சொல்லப்பட்டது. நகரத்தார் இருநூறு பேருக்கு மேல் அவருக்காகக் கையெழுத்திட்டார்கள். அவரும் 1789 டிசம்பர் 23-இல் வாஷிங்டனுக்கு எழுதினார். தாம் செய்த பணியை எடுத்துரைத்து, முறையீட்டை நியாயத்தின்மேல் நிறுத்தி எழுதினார்.

1790 ஜனவரி 6-இல் பதில் வந்தது. இத்தகைய நியமனங்களில் நான் தலையிடுவதில்லை. அது தலைமை அஞ்சல் அதிகாரியின் அதிகாரத்துக்கு உட்பட்டது — இதுதான் பதில். ‘தங்கள் மனு உரிய துறையின் பார்வைக்கு’ என்னும் வாசகம் நமக்குப் புதியதா! அம்மையார் மீண்டும் அந்தப் பதவியில் அமரவே இல்லை. வாஷிங்டனாவது விதியைக் காட்டினார். 1807 ஜனவரியில், பெண்களைப் பதவியில் அமர்த்தலாமா என்ற பேச்சு எழுந்தபோது ஜெபர்சன் தம் நிதியமைச்சருக்கு எழுதினார்: அந்தப் புதுமைக்குப் பொதுமக்கள் ஆயத்தமாக இல்லை, நானும் இல்லை. பதினான்கு ஆண்டுகள் பால்டிமோரிலே ஒரு பெண் செய்து காட்டிய வேலைக்கு, புதுமை என்று பெயர்!

கறுப்பர்களுக்கு வருகிறேன். 1799 டிசம்பர் 30 என்று நாளிட்டு, பிலடெல்பியா நகரத்தின் விடுதலை பெற்ற கறுப்பர்கள், அப்சலோம் ஜோன்ஸ் என்னும் பாதிரியாரின் தலைமையில் எழுபதுக்கு மேற்பட்டோர், குடியரசுத் தலைவருக்கும் இரு மன்றங்களுக்கும் ஒரு மனு எழுதினர். உடனே விடுதலை என்றுகூடக் கேட்கவில்லை. ஆள் கடத்தலைத் தடுங்கள், ஓடிய அடிமைகளைப் பிடிக்கும் சட்டத்தைத் திருத்துங்கள், படிப்படியாகத் தளையை அவிழ்க்க வழி காணுங்கள் என்றார்கள். சில நாட்கள் விவாதம் நடந்தது. மன்றத்துக்கு அதிகாரமில்லாத பொருள்களைக் கேட்கும் பகுதிகளுக்கு ஊக்கமோ ஆதரவோ கிடையாது என்று தீர்மானம் நிறைவேறிற்று. ஆதரித்தவர் 85 பேர். எதிர்த்தவர் ஒருவர்! ஜார்ஜ் தாச்சர் என்பது அவர் பெயர். மனுவில் கையெழுத்திட்டவர்களுள் ஒருவரான ஜேம்ஸ் போர்ட்டன், பாய் தைக்கும் தொழிலினர், அந்த ஒருவருக்கு நன்றி மடல் எழுதினார். ஏழு இலட்சம் மக்களின் சார்பிலே நன்றி என்று எழுதினார். ஒற்றை வாக்குக்கு ஏழு இலட்சம் பேரின் நன்றி.

1808 நவம்பர் 30 என்று நாளிட்ட நீண்ட மடல் ஒன்று ஜெபர்சனுக்கு வந்தது. கையெழுத்து: ‘ஓர் அடிமை’. அதற்கு முகவரி ஏது, பதில் எங்கே போக! பத்தாண்டு கழித்து, 1818 நவம்பரில், அவருடைய பாப்ளர் பாரஸ்ட் தோட்ட இல்லத்திலிருந்து, அங்கே அடிமையாயிருந்த ஹன்னா என்ற பெண்ணிடமிருந்து ஒரு சிறு மடல். வீடும் தட்டுமுட்டுச் சாமான்களும் பத்திரமாக இருக்கின்றன. தங்களுக்கு உடல்நலமில்லை என்று கேட்டு வருந்தினேன். கடவுளை எண்ணுங்கள் — இவ்வளவுதான். தனக்கென்று ஒன்றும் கேட்கவில்லை. அரியணை ஏறாத நாட்டிலே எல்லாரும் ஏதோ கேட்டு எழுதினார்கள். கேட்க உரிமையே இல்லாதவள் நலம் விசாரித்து எழுதினாள்.

இவர்களுக்கெல்லாம் முன்னரே, நேருக்கு நேர் நின்று கேட்டவர் ஒருவர் உண்டு. பெஞ்சமின் பானகர். 1731-இல் மேரிலாந்திலே பிறந்தவர். தந்தை அடிமைத்தளையிலிருந்து மீண்டவர். இவர் பிறப்பிலேயே விடுதலை பெற்றவர். புகையிலை பயிரிட்ட உழவர். அண்டை வீட்டு எலிக்காட் குடும்பத்தாரிடம் நூல்களும் கருவிகளும் இரவல் வாங்கி, ஐம்பது வயதுக்கு மேலே, தாமாகவே வானநூல் கற்றார். 1791-இல் புதிய தலைநகருக்கு நிலம் அளந்த குழுவிலே வானை நோக்கிக் கணித்தார். அவ்வாண்டிலேயே, 1792-க்கான பஞ்சாங்கத்தைக் கணித்து முடித்தார்.

1791 ஆகஸ்டு 19-இல் அந்தப் பஞ்சாங்கத்தின் கையெழுத்துப் படியோடு ஜெபர்சனுக்கு எழுதினார். ஜெபர்சன் அப்போது வாஷிங்டனின் வெளியுறவு அமைச்சர். கறுப்பர்கள் அறிவிலே தாழ்ந்தவர்கள் என்று ஐயுறுவதாக நூலொன்றில் முன்பே எழுதிவைத்தவர். பானகர் சினக்கவில்லை, வணக்கம் குறையாமல் தொடங்கினார். பிரிட்டிஷ் மன்னரின் கொடுமை உங்களை அடிமைப்படுத்த முனைந்த நாளை நினைத்துப் பாருங்கள் என்றார். அன்று, எல்லா மனிதரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று எழுதினீர்களே என்று அந்த வாசகத்தையே எடுத்து அவர் முன் வைத்தார். அதே நேரத்தில் என் உடன்பிறந்தோரை வஞ்சகத்தாலும் வன்முறையாலும் பிடித்துவைத்திருக்கிறீர்களே, மற்றவர்மீது நீங்கள் சாட்டிய அதே குற்றத்தை நீங்களே செய்கிறீர்களே என்று கேட்டார். மூன்றாம் ஜார்ஜுக்கு ஜெபர்சன் விடுத்த கேள்வி, பதினைந்தாண்டு கழித்து, ஜெபர்சன் முகவரிக்கே திரும்பி வந்தது!

ஜெபர்சன் மன்னரைப்போல் மடலைத் தள்ளிவிடவில்லை. பதினொரே நாளில், ஆகஸ்டு 30-இல், பதில் எழுதினார். உங்கள் இனத்தாருக்கு இயற்கை நிகரான ஆற்றலை அளித்திருக்கிறது என்பதற்குச் சான்றுகளைக் காண என்னைவிட விழைகிறவர் இல்லை என்றார். பஞ்சாங்கத்தைப் பாரிசிலுள்ள அறிவியற் கழகத்தின் செயலாளர் கொண்டார்சேவுக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார். பண்பான மடல். பஞ்சாங்கத்துக்குப் பதில் இருந்தது. கேள்விக்குப் பதில் இல்லை. 1809-இல் நண்பர் ஜோயல் பார்லோவுக்கு எழுதும்போதோ, பானகரின் கணிப்பிலே பிறர் உதவி இருக்குமோ என்று ஐயம் எழுப்பி, அவர் மடலைப் படித்தால் மிகச் சாதாரண அறிவினராகவே தெரிகிறார் என்று முடித்துவிட்டார். பானகர் அப்போது உயிரோடு இல்லை.

ஆனால் பானகர் ஒரு காரியம் செய்திருந்தார். இரு மடல்களையும் பூட்டிவைக்கவில்லை. 1792-இல் பிலடெல்பியாவிலே இரண்டும் சிறு வெளியீடாக அச்சாகிவிட்டன. கேள்வியையும் படிக்கலாம், பதிலையும் படிக்கலாம். இடையிலே உள்ள மௌனத்தையும் காணலாம். 1806 அக்டோபரில் பானகர் மறைந்தார். அவரை அடக்கம் செய்த அன்றே அவருடைய மரவீடு தீப்பற்றி எரிந்தது. கருவிகளும் ஏடுகளும் பெரும்பாலானவை சாம்பலாயின. ஜெபர்சனுக்கு எழுதிய மடல் அந்த நெருப்பிலே இல்லை. மூலத்தை ஜெபர்சனே பத்திரப்படுத்தி வைத்திருந்தார். அச்சுப் படிகள் அதற்குள் எத்தனையோ வீடுகளுக்குச் சென்று சேர்ந்திருந்தன.